பிளான் முடிந்த சொகுசு செடான்: 3 சீரிஸா, சி-கிளாஸா, லெக்சஸா?

டர்பனில் இன்று ஒரே பணத்துக்கு இரண்டு விதமான வண்டி கிடைக்கிறது. ஒன்று, ஷோரூமிலிருந்து புதிதாக இறங்கும் சின்ன ஹேட்ச்பேக். இன்னொன்று, ஏழெட்டு வயதாகி, கம்பெனியின் பராமரிப்புப் பிளானும் முடிந்து, 1,10,000 கி.மீ. ஓடிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் அல்லது மெர்சிடிஸ் சி-கிளாஸ். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டாவதைப் பற்றித்தான். எடுக்கலாமா? எடுத்தால் எதை?

எடுக்கலாம். ஆனால் கையில் இருக்கும் முழுத் தொகைக்கும் வண்டி பார்க்கக் கூடாது. 2,00,000 ரேண்ட் இருந்தால் 1,60,000 ரேண்டுக்குள் வண்டியைத் தேடுங்கள். மீதி 40,000 ரேண்ட் முதல் வருட வேலைக்கு. இந்த ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்க முடியாதவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கொரோலா செடானை எடுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒதுக்க முடிந்தவர்களுக்கு மேலே படிக்க நிறைய இருக்கிறது.

## விலை ஏன் இவ்வளவு விழுகிறது

தென்னாப்பிரிக்காவில் இந்த வண்டிகள் புதிதாக விற்கும்போதே பராமரிப்புப் பிளானோடு வருகின்றன. பி.எம்.டபிள்யூவின் மோட்டார்பிளான் 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. மற்ற கம்பெனிகளின் பிளானும் பெரும்பாலும் இந்த 1,00,000 கி.மீ. பக்கத்தில்தான் முடிகிறது. அதுவரை முதல் உரிமையாளர் பிரேக் பேடுக்குக்கூடக் காசு கொடுத்திருக்க மாட்டார். பிளான் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வண்டி விற்பனைக்கு வரும். கியர்பாக்ஸ் ஆயில், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் டிஸ்க், பேட்டரி, நாலு டயர் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டமும் அதுதான். விலை குறைவதற்குக் காரணம் வண்டி கெட்டுவிட்டது என்பதல்ல. அந்தச் செலவு இனி உங்கள் கணக்கில் ஏறப்போகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிளானில் இருந்த வண்டிக்கு சர்வீஸ் புத்தகம் சுத்தமாக இருக்கும், எல்லா முத்திரையும் விழுந்திருக்கும். ஆனால் அந்த முத்திரைகளுக்கு இடையே 25,000 கி.மீ., சிலவற்றில் 30,000 கி.மீ. வரை ஒரே ஆயிலில் ஓடியிருக்கும். டர்போ எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினுக்கும், அந்த நேரத்தை முன்பின் நகர்த்தும் கேம் அட்ஜஸ்டருக்கும் இது நல்லதல்ல. பிளானுக்கு நடுவே சொந்தக் காசில் ஒரு ஆயில் மாற்றம் செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விளம்பரத்தில் ‘பிளான் உண்டு’ என்று போட்டிருந்தால் எந்தப் பிளான் என்று விசாரியுங்கள். பராமரிப்புப் பிளானில் தேய்மானப் பாகங்களும் பல பழுதுகளும் அடங்கும். சர்வீஸ் பிளானில் ஆயில், ஃபில்டர், பிளக் போன்றவை மட்டும். பின்னது கையில் இருந்தால் வாட்டர் பம்ப் போகும் நாளில் அது உதவாது.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலில் உங்கள் ஓட்டம். தினமும் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்குமாக 6 கி.மீ. போய்வருகிறீர்களா, மாதம் இரண்டு முறை என்3 நெடுஞ்சாலை பிடித்து ஜோகன்னஸ்பர்க் போகிறீர்களா? பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். அடுத்து, 1,00,000 முதல் 1,60,000 கி.மீ. வரை அந்த மாடலில் என்ன பெரிய வேலை வரும் என்பது. பிறகு, டீலரை விட்டால் வேறு யார் அதைச் செய்வார், பாகம் எத்தனை நாளில் வரும் என்பது. பள்ளமும் குழியுமான சாலைக்கு அதன் டயர் தாங்குமா, பின் சீட்டில் ஆயாவும் தாத்தாவும் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடியுமா, இன்சூரன்ஸ்காரர் டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) கேட்பாரா என்பவை கடைசியில் வருகின்றன. கடைசியில் வந்தாலும் வாங்கிய பிறகு தினமும் தொல்லை தருபவை இவைதான்.

## பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் (எஃப்30, 2012–2018)

இந்தத் தலைமுறை செடான்கள் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ராஸ்லின் ஆலையில் 2018 வரை செய்யப்பட்டவை. சாலையில் நிறைய ஓடுகின்றன. அதனால் பழைய பாகமும் புதுப் பாகமும் கிடைக்கின்றன, தெரிந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஓட்டுவதில் இன்பம் இதில்தான் அதிகம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ‘320ஐ’ என்று பின்பக்க டிக்கியில் ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இரண்டு வேறு எஞ்சின்கள் இருக்கலாம். 2015 நடுப்பகுதியில் முகம் மாறும் (ஃபேஸ்லிஃப்ட்) வரை வந்தது என்20. அதற்குப் பிறகு வந்தது பி48. இரண்டுமே 2 லிட்டர் டர்போ, இரண்டுமே 135 கிலோவாட். விலை வித்தியாசம் கொஞ்சம், தலைவலி வித்தியாசம் அதிகம்.

என்20-இல் டைமிங் செயினை வழிநடத்தும் கைடு பிளாஸ்டிக். அது காலப்போக்கில் மொறுமொறுப்பாகி உடையும். உடைந்த துண்டு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் விழுந்து ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயை அடைக்கும். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் முடிந்தது. வரும் அறிகுறி ஒரு விசில் போன்ற ஊளைச் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது எஞ்சின் சுற்றோடு சேர்ந்து ஏறும். டர்போ சத்தம் என்று விற்பவர் சொல்வார். வண்டி நின்ற இடத்திலேயே 1,500-லிருந்து 3,000 சுற்று வரை மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். ஊளை கேட்டால் விட்டுவிடுங்கள். செயின், கைடு, ஆயில் பம்ப் செயின் எல்லாம் புதிதாக மாற்றிய பில் இருந்தால் மட்டும் பேரம் பேசலாம்.

என்20-இல் வாட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட் பம்பு போல முன்கூட்டியே ஒழுகிச் சொல்லாது, ஒரு நாள் நின்றுவிடும். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகும் வண்டி வரிசையில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றபடி நகரும்போது அது நின்றால் குடும்பத்தோடு ரோட்டோரம்தான். 1,20,000 கி.மீ. தாண்டிய என்20-இல் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பி48 இந்த இரண்டிலும் தேறிவிட்டது. அதில் பார்க்க வேண்டியது ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் ஒழுக்கும், வயதான பிளாஸ்டிக் கூலண்ட் குழாய்களும். செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டி வந்தால் கூலி பெரியது. ஆகவே ஆயிலை 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுங்கள், திரை 20,000 கி.மீ. பாக்கி என்று காட்டினாலும். இந்த பெட்ரோல் எஞ்சின்களில் ஆயில் அளக்கும் குச்சி கிடையாது. வண்டி சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, திரையில்தான் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். 8 வேகம். உலகத்தில் இருக்கும் நல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் இது ஒன்று. ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்தவர்களோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறார்கள். செய்தவர் பேச்சைக் கேளுங்கள். அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். சுமார் 5 முதல் 6 லிட்டர் வெளியே வரும். நிரப்பிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து இந்த வெப்பத்தைப் பார்க்காத வொர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு டயர். எம் ஸ்போர்ட் 18 அங்குல வீலில் முன்னால் 225/45, பின்னால் 255/40 போட்டிருப்பார்கள். அளவு வேறு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. பெரும்பாலானவை ரன்ஃப்ளாட். ஸ்டெப்னி டயர் கிடையாது. காற்று இறங்கினால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 80 கி.மீ. தூரம் போகலாம். உன்டர்பெர்க் பக்கம் சரளைச் சாலையில் பக்கச்சுவர் கிழிந்தால் இந்த வசதி உதவாது. 17 அங்குல வீலும் நாலும் ஒரே அளவு டயரும் உள்ள வண்டி கிடைத்தால் அழகு கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது புதியதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய, தளர்ந்த பேட்டரி என்று நினைத்தே வண்டி சார்ஜ் செய்யும். புதுப் பேட்டரி சீக்கிரம் போகும்.

யாருக்கு: தனியாக அதிகம் ஓட்டுபவர், ஓட்டும் இன்பம் வேண்டுபவர், கைக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் உள்ளவர். 2016-க்குப் பிந்தைய 320ஐ மட்டும்.

## மெர்சிடிஸ் சி-கிளாஸ் (டபிள்யூ205, 2014–2021)

கிழக்கு லண்டன் ஆலையில் செய்யப்பட்ட வண்டி இது. உள்ளே அமர்ந்த உடனே 3 சீரிஸைவிட ஒரு படி மேல் என்று தோன்றும். பாதி பேர் அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். கதவை மூடிவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள்.

சி180-இல் 1.6 லிட்டர், சி200-இல் 2 லிட்டர், இரண்டும் எம்274 குடும்பம். 2018 முகமாற்றத்துக்குப் பிறகு சி200-க்கு 48 வோல்ட் உதவியோடு 1.5 லிட்டர் வந்தது. அது புதிது, விலை அதிகம், மின்பாகமும் அதிகம். இந்தப் பட்ஜெட்டில் நாம் பார்ப்பது எம்274.

இதன் முதல் நோய் காலையில் தெரியும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஒன்றிரண்டு விநாடி கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அது கேம் அட்ஜஸ்டர். ஆயில் அழுத்தம் ஏறும் வரை உள்ளே பூட்டு பிடிக்காமல் தட்டுகிறது. நாளாக ஆக நீளும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இது கேட்கவே கேட்காது. போனவுடன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

இரண்டாவது நோய் மெல்ல வளர்வது. எஞ்சினின் முன்பக்கம் மேலே, கேம்ஷாஃப்டை நோக்கி இரண்டு வட்டமான காந்தங்கள் திருகப்பட்டிருக்கும். அவற்றுக்குள் ஆயில் கசியும். கசிந்த ஆயில் வெளியே சொட்டுவதோடு நிற்காது. திரி எண்ணெயை இழுப்பதுபோல வயரின் செம்பு இழைகள் அதை இழுத்துக்கொண்டு போகும். மாதக் கணக்கில் நகர்ந்து எஞ்சின் கம்ப்யூட்டர் வரை போன வண்டிகள் உண்டு. சோதிப்பது எளிது: காந்தத்தின் பிளக்கைக் கழற்றி உள்ளே டிஷ்யூ காகித முனையால் தொடுங்கள். காகிதம் காய்ந்து வந்தால் நல்லது. எண்ணெய் ஏறினால் காந்தத்தை மாற்றி, நடுவில் ஒரு குட்டி வயர் துண்டையும் போட வேண்டும். இனி கசிந்தாலும் அந்தத் துண்டோடு நிற்கும். இந்த நிலையில் பிடித்தால் செலவு சிறியது. கம்ப்யூட்டர் வரை போயிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

7ஜி கியர்பாக்ஸில் ஆயிலையும் ஃபில்டரையும் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் நீண்ட நாள் ஓடும். மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் மின்தட்டிலுள்ள வேக சென்சார் போகும்போது வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். பழைய தட்டை வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருட்டுத் தடுப்பு முறையால் அது அந்த ஒரு வண்டியோடு பிணைக்கப்பட்டது, சரியான கணினி வசதி இல்லாமல் இன்னொன்றில் வேலை செய்யாது.

ஏர்மேட்டிக் சஸ்பென்ஷன் உள்ள சி-கிளாஸ் சொகுசில் தனி ரகம். ஆனால் காற்றுப்பை வயதானால் கசியும். வண்டி இரவு நின்ற இடத்தில் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். சாதாரண ஸ்பிரிங் உள்ள வண்டியே போதும் என்பது எங்கள் கருத்து.

முந்தைய டபிள்யூ204 இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் எம்271 எஞ்சினின் செயின் நீளும், கேம் சக்கரத்துப் பல் தேயும், ஸ்டியரிங் பூட்டு மோட்டார் செத்தால் சாவி திரும்பாது. குறைந்த விலைக்காக ஒரு தலைமுறை பின்னால் போகாதீர்கள்.

யாருக்கு: குடும்பத்தோடு அமைதியாகப் போக வேண்டுபவர், வாடிக்கையாளரைச் சந்திக்கும் தொழில் செய்பவர், ஐந்து வருடமாவது வைத்திருக்கப் போகிறவர்.

## லெக்சஸ் ஈ.எஸ். 250 (2013–2018)

யாரும் முதலில் கேட்காத வண்டி, ஆனால் பலருக்கும் சரியான வண்டி இதுதான்.

2.5 லிட்டர், டர்போ இல்லை, 6 வேக ஆட்டோமேட்டிக், முன்சக்கர ஓட்டம். இந்த எஞ்சின் டொயோட்டாவின் 2ஏஆர் குடும்பம், கேம்ரியிலும் உலகம் முழுக்க ஓடுவது. எரிபொருள் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால் கரி சேர்வதில்லை. ஆயில் 4.4 லிட்டர், பெல்ட் மாற்றும் தொல்லை இல்லை, செயின் பொறுமையானது. கேட்க வேண்டியது குளிர் ஸ்டார்ட்டில் ஒரு நொடிக் கடகடப்பு. பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப். பம்பின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்துபோன இளஞ்சிவப்புப் பொடி ஒட்டியிருந்தால் கூலண்ட் கசிகிறது. பம்ப் மாற்றுவது இங்கே சாதாரண வேலை. கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தால் சுமார் 3 லிட்டர்தான் வரும், மீதி உள்ளேயே நிற்கும். அதனால் 60,000 கி.மீ.க்கு ஒரு தரம் வடித்து நிரப்பினால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 சதவீதம் பலம் குறையும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். வான் ரீனன் கணவாயில் லாரியை முந்தப் பார்க்கும்போது இது தெரியும். டர்பன் கடற்கரை மட்டத்தில் தெரியாது. நகருக்குள் பெட்ரோலும் கூடத்தான் குடிக்கும். லெக்சஸ் டீலர் மிகக் குறைவு. எஞ்சின் பாகம் டொயோட்டா வழியே வந்துவிடும், ஆனால் ஹெட்லைட், பம்பர் போன்றவை இங்கே செய்யப்படுபவை அல்ல. ஒரு சின்ன விபத்துக்குப் பிறகு வண்டி வாரக்கணக்கில் பாகத்துக்காகக் காத்து நிற்கலாம். இன்சூரன்ஸில் வாடகைக் கார் வசதி சேர்த்துக்கொள்வது இதற்கு அவசியம்.

பின் சீட்டில் கால் வைக்கும் இடம் இந்த மூன்றிலும் இதில்தான் அதிகம். நடுவில் ஓடும் தண்டு இல்லாததால் தரையும் கிட்டத்தட்ட சமம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இறங்கி ஏற இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டர்பன் துறைமுகம் வழியாக ஜப்பானிலிருந்து பழைய கார்கள் அண்டை நாடுகளுக்குப் போகின்றன. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்து இங்கே பொதுவாக விற்க அனுமதி இல்லை. ‘பாதி விலைக்கு லெக்சஸ், பேப்பர் பிறகு வரும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேப்பர் வராது.

யாருக்கு: நடுவழியில் நிற்கவே கூடாது என்பவர், பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர், வண்டியை 2,50,000 கி.மீ. வரை ஓட்டப் போகிறவர்.

## ஆடி ஏ4 பற்றி ஒரு வார்த்தை

2016-க்குப் பிந்தைய பி9 நல்ல வண்டி. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கசிவையும், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்பதையும் பாருங்கள். அதற்கு முந்தைய பி8, குறிப்பாக 2008–2012 டிஎஃப்எஸ்ஐ எஞ்சின், பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிப்பதற்கும் செயின் டென்ஷனர் தோற்பதற்கும் பேர் போனது. மலிவு என்பதற்காக அதைத் தொடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | 320ஐ (2016-க்குப் பின்) | சி180 / சி200 (2014–2018) | ஈ.எஸ். 250 |
|---|---|---|---|
| எங்கே செய்தது | ராஸ்லின் | கிழக்கு லண்டன் | இறக்குமதி |
| ஓட்டும் சக்கரம் | பின் | பின் | முன் |
| முதலில் பார்க்க வேண்டியது | ஆயில், கூலண்ட் கசிவு | கேம் அட்ஜஸ்டர், காந்தம் | வாட்டர் பம்ப் |
| கியர்பாக்ஸ் ஆயில் | 80,000–1,20,000 கி.மீ. | 60,000 கி.மீ. | 60,000 கி.மீ., பகுதி பகுதியாக |
| என்3 ஏற்றம் | சுலபம் | சி200 சுலபம், சி180 போதுமானது | மெல்ல |
| பின் சீட் | நடுத்தரம் | நடுத்தரம் | விசாலம் |
| டீலர் அல்லாத மெக்கானிக் | நிறைய | நிறைய | டொயோட்டா தெரிந்தவர் போதும் |
| உடல் பாகம் | சீக்கிரம் | சீக்கிரம் | காத்திருக்க வேண்டும் |

## டீசல் எடுக்கலாமா

320டி, சி220டி இரண்டும் நீண்ட ஓட்டத்தில் மிகச் சிக்கனம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை ஏறத்தாழ 570 கி.மீ. ஒரு டாங்கில் போய், திரும்பும் வழியிலும் பாதி வரலாம். ஆனால் புகைக்குழாயில் உள்ள வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். ரோபோட்டுக்கு ரோபோட் (சிக்னல் விளக்கு) நின்று நின்று 6 கி.மீ. ஓடும் வண்டியில் அது நடக்காது. கரி அடைத்து, டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலை ஓட்டம் இல்லாதவர்கள் டீசலை மறந்துவிடுங்கள்.

எடுப்பவர்கள் 2015-க்குப் பிந்தைய பி47 எஞ்சின் உள்ள 320டி எடுங்கள். முந்தைய என்47-இல் செயின் தேய்மானம் பிரபலமானது, அதுவும் கியர்பாக்ஸ் பக்கத்தில். பி47-க்கு, புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைப்பு வந்தது. சட்டக எண்ணைக் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேளுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

டீசல் போடும்போது கந்தக அளவு 10 பிபிஎம் அல்லது 50 பிபிஎம் உள்ளது மட்டும். 500 பிபிஎம் டீசலில் உள்ள கந்தகம் வடிகட்டியைக் கொல்லும். பெட்ரோல் விலை மாதந்தோறும் முதல் புதன்கிழமை அரசு நிர்ணயிக்கிறது. டீசல் சில்லறை விலைக்குக் கட்டுப்பாடு இல்லை, ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் மாறும். அதிகம் ஓட்டுபவர்கள் இரண்டு மூன்று இடம் விசாரித்து வையுங்கள்.

## எந்த ஊர் வண்டி

ஜோகன்னஸ்பர்க் வண்டியில் துரு குறைவு. பதிலுக்கு அங்கே கோடையில் ஆலங்கட்டி மழை. மாலை வெயில் சாய்ந்து விழும்போது கூரையையும் பானட்டையும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், சின்னச் சின்னக் குழிகள் நிழலில் தெரியும்.

கடலோர வண்டியில் பாருங்கள்: முன் கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர் தகடுகள் உப்புக் காற்றில் உதிர்ந்திருக்கிறதா, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமின் மூட்டுகளில் துரு உப்பியிருக்கிறதா. உம்ஹ்லாங்கா, பிளஃப் பக்கம் வெளியே நின்ற வண்டி என்றால் இதைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

டர்பனில் இன்னொரு கவலை உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் காய வைத்து, வாசனைத் திரவியம் அடித்து, கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை ஒரு கையால் பிடித்து முழு நீளத்துக்கும், இனி வராது என்னும் வரை வெளியே இழுங்கள். தினமும் பயன்படுகிற மேல்பகுதி சுத்தமாக இருக்கும். கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். அங்கே நெசவின் மேல் பழுப்பாக ஒரு கோடும், விரலில் ஒட்டும் நுண்ணிய மண்ணும் இருந்தால் அந்த வண்டி தண்ணீருக்குள் நின்றது. இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் பல தரைக்கு அருகில் இருப்பவை. என்ன விலை என்றாலும் வேண்டாம்.

## காகிதமும் உரிமையும்

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு. தெரிவிக்கப்படாத குறை வெளிப்பட்டால் சரிசெய்யவோ, மாற்றித் தரவோ, பணம் திருப்பவோ கேட்கலாம். டீலர் மறுத்தால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபரிடம் வாங்கினால் அது பொதுவாக ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி. தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். தனிநபர் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவுச் சான்றில் கோட் 2 என்றால் பயன்படுத்திய வண்டி. கோட் 3 என்றால் இடிந்து மீண்டும் கட்டப்பட்டது, விலகுங்கள். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கி பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது. விற்பவர் கையில் பணம் கொடுக்காமல், வங்கியின் தீர்வுத் தொகையை நேரே வங்கிக்கே கட்டுங்கள். ரோட்வொர்த்தி சான்று பிரேக், விளக்கு, டயர் போன்றவற்றைப் பார்த்துக் கொடுப்பது. செயினையும் கியர்பாக்ஸையும் அது பார்ப்பதில்லை. அதற்குத் தனிப் பரிசோதனை செய்து, ஸ்கேனரில் எல்லா கம்ப்யூட்டரிலும் பதிந்த கி.மீ. ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிய வேண்டும்.

வாரண்டி பாக்கி இருந்தால் வெளி வொர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யத் தயங்க வேண்டாம். 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. பில்லும் பாக விவரமும் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலை கேட்டுவிடுங்கள். 3 சீரிஸுக்கும் சி-கிளாஸுக்கும் டிராக்கர் இல்லாமல் காப்பீடு தர மறுப்பவர்கள் உண்டு, அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம். எஃப்30-இல் ஸ்கேனர் சொருகும் துவாரம் வழியாகவே புதுச் சாவி பதிந்து திருடிவிடுகிறார்கள். அந்தத் துவாரத்துக்கு ஒரு பூட்டு போடுவது சிறிய செலவு, வாங்கிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது.

## வாங்கிய முதல் மாதம்

ஒதுக்கிய 40,000 ரேண்டைத் தொடும் வரிசை இது. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், புத்தகம் என்ன சொன்னாலும் முதல் நாளே. பிரேக் திரவம், இரண்டு வருடம் ஆகியிருந்தால். கியர்பாக்ஸ் ஆயில், மாற்றிய பில் இல்லையென்றால். கூலண்ட், அந்த வண்டிக்கு உரிய நிறமும் வகையும் மட்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பிறகு டயர். பக்கச்சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. கோடு ஆழமாகவே இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிப்போன டயரில் மழை நாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் இறக்கத்தில் இறங்கக் கூடாது. நாலையும் ஒரே தடவையில் மாற்ற முடியாவிட்டால் முதலில் பின் இரண்டையும் மாற்றுங்கள், முன்சக்கர ஓட்டமான லெக்சஸானாலும் அப்படியே. ஈரத்தில் வண்டியின் வால் சுழல்வதைத் தடுப்பவை பின் டயர்கள்தான்.